முதல் ஒளியின் மக்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரைபடத்தில் வடகிழக்குக் கரையை நோக்கினால், மடக்கிய கையொன்று கடலுக்குள் நீண்டிருப்பது போன்ற ஒரு நிலப்பகுதி கண்ணில் படும். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேப் காட் தீபகற்பம் அது. அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் எழும் கதிரவன் அந்நாட்டில் முந்தித் தொடும் நிலங்களுள் அதுவும் ஒன்று. அந்நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்து வருபவர்கள் 'வாம்பனோக்' என்னும் பெயர் பெற்றனர். முதல் ஒளியின் மக்கள், விடியலின் மக்கள் என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். பன்னீராயிரம் ஆண்டுகளாகத் தம் முன்னோர் அங்கே வாழ்ந்து வருவதாக அவர்கள் சொல்கின்றனர்.

இம்மக்களின் பெயரை அறியாதவர்கள்கூட இவர்கள் இடம்பெறும் ஒரு காட்சியை எங்கேனும் ஓவியத்தில் கண்டிருக்கக்கூடும். இங்கிலாந்திலிருந்து 'மேஃபிளவர்' கப்பலில் வந்திறங்கிய சீர்திருத்தச் சபையினர், முதல் அறுவடையின் மகிழ்ச்சியில், பழங்குடியினரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் காட்சி அது. அமெரிக்கர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் கொண்டாடும் நன்றியறிதல் நாளின் படம். அப்பந்தி உண்மையே. 1621ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தலைவர் ஊசமெக்வினோடு ஏறத்தாழத் தொண்ணூறு வாம்பனோக் ஆடவர் வந்து மூன்று நாள் தங்கினர். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தனர். இது அக்காலத்து ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய மடலிலேயே உள்ளது. ஆனால் அந்தப் பந்திக்கு முன்னே நடந்தது என்ன, பின்னே நடந்தது என்ன என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமாயின், பந்தியில் விருந்தாளியாக வரையப்பட்டவர்களின் வீட்டுக்கே செல்ல வேண்டும். உண்மையில் அந்த மண்ணில் விருந்தளித்தவர்கள் அவர்களே அல்லவா?

ஆற்றோரத்து வீடு

மாஷ்பீ என்பது கேப் காட்டின் தென்கரையை ஒட்டிய சிற்றூர். பைன் மரங்களும் ஓக் மரங்களும் அடர்ந்த மணற்பாங்கான நிலம். பனிப்பாறைகள் உருகி விட்டுச்சென்ற குளங்கள் ஆங்காங்கே வட்ட வட்டமாய்க் கிடக்கின்றன. அங்கே, ஒரு சாலையோரத்தில், பலகைகளால் கட்டிய எளிய மரவீடு ஒன்றில் மாஷ்பீ வாம்பனோக் மக்களின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. தூண்களும் பளிங்குப் படிகளும் கொண்ட பெருநகர் அருங்காட்சியகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு குடியானவரின் வீடாகவே தோன்றும்.

அவ்வீட்டுக்கே ஒரு வரலாறு உண்டு. 1793ஆம் ஆண்டில் திமோத்தி போர்ன் என்பவர் அதைக் கட்டினார். பதினேழாம் நூற்றாண்டில் மாஷ்பீ மக்களிடையே சமயப் பணியாற்றிய ரிச்சர்டு போர்ன் என்ற போதகரின் வழித்தோன்றல் அவர். பிற்காலத்தில் ஏவண்ட் என்னும் வாம்பனோக் குடும்பத்தார் அதில் வாழ்ந்தமையால் ஏவண்ட் இல்லம் என்ற பெயரும் அதற்கு உண்டு. போதகர் வழிவந்தவர் கட்டிய வீட்டில், போதிக்கப்பட்ட மக்கள் இன்று தங்கள் வரலாற்றைத் தாங்களே எடுத்துரைக்கின்றனர். நாம் அவ்வீட்டின் வாயிலில் நின்றபோது இந்த மாற்றமே முதலில் நம் சிந்தையில் பட்டது.

உள்ளே கல்லால் செய்த கருவிகள், பின்னிய கூடைகள், வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உரிய பொருள்கள், குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய உடைமைகள் ஆகியன உள்ளன. ஐரோப்பியர் வருமுன் இருந்த ஒரு குடியிருப்பைச் சிறு உருவங்களால் அமைத்துக் காட்டியிருக்கின்றனர். வளைத்த இளமரங்களின்மேல் மரப்பட்டையோ கோரைப் பாயோ போர்த்திய 'வேட்டு' என்னும் வீடுகள்; நெருப்பிட்டுக் குடைந்த மரத்தோணிகள்; ஒரே மேட்டில் சோளமும் அவரையும் பூசணியும் சேர்ந்து வளரும் தோட்டங்கள். சோளத்தண்டைப் பற்றி அவரை ஏறும். அவரை மண்ணுக்கு உரமூட்டும். பூசணியின் அகன்ற இலைகள் ஈரத்தைக் காக்கும். இம்மூன்றையும் மூன்று சகோதரிகள் என்று அழைப்பது வழக்கம். இத்தகைய வேளாண் அறிவு கொண்டிருந்த மக்களைத்தான் 'நிலத்தைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள்' என்று கூறி, அவர்கள் நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு நியாயம் கற்பித்தார்கள்.

வீட்டை ஒட்டியே ஓர் ஓடை ஓடுகிறது. அதில் படிப்படியாக நீர் இறங்குமாறு மீன்களுக்கென ஒரு வழி அமைத்திருக்கின்றனர். மத்தி இனத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீன்கள் குளத்தின் நன்னீரில் பிறந்து, கடலுக்குச் சென்று, ஆண்டுகள் சில கழிந்தபின் வசந்த காலத்தில் தாம் பிறந்த நீரையே தேடி, எதிர்நீச்சலிட்டு வந்து முட்டையிடும். நாம் சென்றது அந்தக் காலமாதலால், வெள்ளித் தகடுகள் போல் அவை படிக்குப் படி எகிறுவதைக் காண முடிந்தது. அம்மக்களின் உணவும் உரமும் நாட்காட்டியும் அந்த மீன்களே. வசந்தம் வந்தது என்று அவர்களுக்கு அறிவிப்பவை அவையே.

எலும்புகள் கிடந்த கரை

மறுநாள் நாம் பிளைமத் நகருக்குச் சென்றோம். மாஷ்பீயிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மேஃபிளவர் பயணிகள் கால்வைத்ததாகச் சொல்லப்படும் பாறையைத் தூண்மண்டபம் ஒன்றினுள் வைத்திருக்கின்றனர். அதற்கு எதிரே உள்ள குன்றின்மேல், 1921இல் நிறுவப்பட்ட ஊசமெக்வினின் வெண்கலச் சிலை கடலை நோக்கி நிற்கிறது. 'மாசசாயிட்' என்று வரலாற்று நூல்கள் குறிப்பது இவரையே. அது பெருந்தலைவர் என்று பொருள்படும் பட்டமே அன்றி இயற்பெயர் அன்று.

1620ஆம் ஆண்டு டிசம்பரில் பயணிகள் இங்கு வந்தபோது, மரங்கள் அகற்றிப் பண்படுத்திய வயல்களைக் கண்டனர், மனிதரைக் காணவில்லை. பட்டுக்செட் என்னும் வாம்பனோக் ஊர் அங்கே இருந்தது. 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியக் கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படும் ஒரு கொள்ளைநோய் கரையோர ஊர்களைச் சூறையாடியது. சில இடங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். புதைப்பதற்கும் ஆளின்றி எலும்புகள் வெளியில் கிடந்ததைப் பின்னர் வந்தவர்கள் கண்டு எழுதியுள்ளனர். பட்டுக்செட் முழுமையாக அழிந்தது. அதன்மேல்தான் பிளைமத் எழுந்தது. தங்களுக்காகக் கடவுளே நிலத்தைக் காலிசெய்து வைத்தார் என்று அக்காலத்துச் சமயத் தலைவர்கள் சிலர் எண்ணினர், எழுதியும் வைத்தனர். மற்றவரின் மரணத்தைத் தமக்கு அளிக்கப்பட்ட அருளாகக் கொள்ளும் இறையியல் எவ்வளவு அஞ்சத்தக்கது என்பதை நாம் அங்கு நின்று நினைத்துப் பார்த்தோம்.

அவ்வூரில் பிறந்தவர்களுள் ஒருவர் உயிரோடு இருந்தார். டிஸ்குவாண்டம் என்பது அவர் பெயர். 1614ஆம் ஆண்டில் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல்தலைவன் இருபதுக்கும் மேற்பட்ட வாம்பனோக் ஆடவரை வஞ்சித்துக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயின் நாட்டு மாலகாவுக்குக் கொண்டுசென்று அடிமைகளாக விற்றான். எல்லாரையும் அவன் விற்றுத் தீர்க்குமுன், அவ்வூர்த் துறவியர் தலையிட்டு எஞ்சியவர்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். டிஸ்குவாண்டம் அங்கிருந்து இலண்டன் சென்று, ஆங்கிலம் கற்று, 1619இல் தம் கரைக்குத் திரும்பினார். திரும்பியபோது ஊர் இல்லை, உறவு இல்லை, பேச ஒருவரும் இல்லை. தம் ஊரின்மேல் வந்து குடியேறியவர்களுக்கே சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்து, மொழிபெயர்த்து, 1622ஆம் ஆண்டு இறுதியில் மறைந்தார். பள்ளிப் பாடங்களில் அவர் நல்ல உதவியாளர் என்ற அளவிலேயே வருவார். ஆங்கிலம் எவ்வாறு கற்றார் என்பதைப் பாடங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஒரு சிறுவனும் மறைநூல் வல்லுநரும்

1621 மார்ச் மாதத்தில் ஊசமெக்வின் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கை அவர் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. அவர் ஏறத்தாழ 1661இல் மறைந்தார். மூத்த மகன் வாம்சுட்டா மறு ஆண்டே இறக்க, இளையவர் மெட்டாகாம் தலைமை ஏற்றார். ஆங்கிலேயர் அவரைப் பிலிப் என்றனர். அதற்குள் குடியேறியவர்கள் பல்கிப் பெருகியிருந்தனர். அவர்களின் கால்நடைகள் பழங்குடியினரின் சோள வயல்களை மிதித்தன. கடனுக்கும் தண்டத்துக்கும் ஈடாக நிலங்கள் கைமாறின. 1675 ஜூன் மாதத்தில் போர் வெடித்தது. இரு தரப்பிலும் ஊர்கள் எரிந்தன, அப்பாவிகள் மாண்டனர். ஆங்கிலேயரோடு சேர்ந்து கிறிஸ்தவ வழிபாட்டை ஏற்றிருந்த பழங்குடியினர்கூட ஐயத்துக்கு ஆளாகி, பாஸ்டன் துறைமுகத்தின் டீர் தீவுக்குக் கடத்தப்பட்டனர். குளிரிலும் பசியிலும் அங்கே பலர் உயிர்நீத்தனர்.

1676 ஆகஸ்டு 12ஆம் நாள் மெட்டாகாம் கொல்லப்பட்டார். அவர் தலையைப் பிளைமத்தில் ஒரு கம்பத்தில் குத்தி வைத்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. தந்தை விருந்துண்ட ஊரில் மகனின் தலை!

அதினும் கொடிது ஒன்றுண்டு. மெட்டாகாமின் மனைவியும் ஏறத்தாழ ஒன்பது வயது மகனும் முன்பே சிறைப்பட்டிருந்தனர். அச்சிறுவனைக் கொல்வதா, விடுவதா? அதிகாரிகள் போதகர்களிடம் கருத்துக் கேட்டனர். பிளைமத்தின் ஜான் காட்டனும் மார்ஷ்ஃபீல்டின் சாமுவேல் ஆர்னால்டும் விவிலியத்தை ஆராய்ந்தனர். தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளை கொல்லப்படலாகாது என்ற இணைச்சட்ட நூலின் கட்டளையை அவர்கள் அறிந்தே இருந்தனர். ஆயினும் சவுலின் பிள்ளைகள், ஆக்கானின் பிள்ளைகள், ஆமானின் பிள்ளைகள் ஆகியோரை எடுத்துக்காட்டி, சிறுவனைக் கொல்வதற்குத் தடையில்லை என்றனர். பாஸ்டனின் இன்க்ரீஸ் மேதரோ, தப்பிப் பிழைத்துப் பின்னாளில் சாலமோனுக்குப் பகைவனாய் எழுந்த ஏதோமியச் சிறுவன் அதாதை நினைவூட்டினார். ஒருவர் மட்டும் மாறுபட்டார். பிரிட்ஜ்வாட்டரின் போதகர் ஜேம்ஸ் கீத், தன் தந்தையைக் கொன்றவர்களின் பிள்ளைகளைக் கொல்லாமல் விட்ட அரசர் அமட்சியாவைச் சுட்டி இரக்கம் வேண்டினார்.

சிறுவன் கொல்லப்படவில்லை. 1677இல் அடிமையாக விற்கப்பட்டான். அதற்குப்பின் அவனைப் பற்றிய செய்தி வரலாற்றில் இல்லை.

குருமடத்தில் மறைநூல் விளக்கம் பயின்றவர்கள் இச்செய்தியை எளிதாகக் கடந்து செல்ல இயலாது. நால்வர் கையிலும் இருந்தது ஒரே நூல். நால்வரும் கற்றவர்கள், செபிக்கும் பழக்கமுடையவர்கள். மேற்கோள் காட்டும் திறமையில் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர். வேறுபாடு நூலில் இல்லை. அதைத் திறக்கும் முன்பே உள்ளத்தில் இருந்த அச்சத்தில் இருந்தது, அல்லது இரக்கத்தில் இருந்தது. விவிலியத்தில் விடை தேடுகிறவன், தான் எந்த விடையைத் தேடிப் புறப்பட்டான் என்பதையும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடிக்குச் சென்ற மடல்

இன்க்ரீஸ் மேதரின் மகன் காட்டன் மேதர், நியூ இங்கிலாந்தின் புகழ்பெற்ற போதகராகவும் எண்ணற்ற நூல்களின் ஆசிரியராகவும் விளங்கியவர். கம்பத்தில் இருந்த மெட்டாகாமின் மண்டையோட்டிலிருந்து தாடை எலும்பைத் தம் கையாலேயே பிரித்தெடுத்ததை அவரே வெற்றிப் பெருமிதத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

இதே காட்டன் மேதருக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டென்பதை வாசக அன்பர்களுள் சிலரே அறிந்திருக்கக்கூடும். தரங்கம்பாடியில் பணியாற்றி, 1714–15இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கின் புகழ் பாஸ்டன் வரை எட்டியிருந்தது. மேதர் அவருக்கு இலத்தீனில் மடல் எழுதினார். சீகன்பால்கு 1719இல் மறைந்துவிட, உடன்பணியாளர் கிருண்ட்லர் மறுமொழி அனுப்பினார். இம்மடல்களைச் சேர்த்து 1721இல் பாஸ்டனில் மேதர் வெளியிட்ட நூலின் பெயர் 'இந்தியா கிறிஸ்டியானா'. கீழை இந்தியாவிலும் மேலை இந்தியாவிலும் நற்செய்தி பரவுவதைப் பற்றிய நூல் அது. கொலம்பசின் தவற்றால் 'இந்தியர்' என்று பெயர்பெற்ற மக்களும், நாமும், அந்நூலின் தலைப்பில் அருகருகே நிற்கின்றோம்.

காவிரிக் கரையின் ஆன்மாக்களைப் பற்றி அன்போடு மடல் எழுதிய கையும், பகைவரின் தாடையைப் பிடுங்கிய கையும் ஒன்றே. அவர் வேடதாரி என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிதாக இருக்கும். அவர் முழு நம்பிக்கையோடு இரண்டையும் செய்தார் என்பதே உண்மை. தொலைவில் இருப்பவர்மீது அன்புகொள்வது எளிது. நாம் உழும் நிலத்தின் பழைய உரிமையாளர்மீது அன்புகொள்வது கடினம்.

இதைப் பிரிந்த சகோதரரின் குறையாக மட்டும் எண்ணுவது நேர்மையாகாது. 1493இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் புதிய உலகின் நிலங்களை ஸ்பெயினுக்கு உரிமையாக்கி ஆணையோலை வழங்கினார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அம்மக்கள் முழு மனிதரே என்றும், கிறிஸ்தவராய் இல்லாவிடினும் அவர்களின் உரிமையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்றும் போதித்தார். முந்தியதைச் செயல்படுத்துவோர் மிகப் பலர். பிந்தியதைக் கேட்டோர் சிலரே. 'கண்டுபிடித்தவருக்கே நிலம் உரியது' என்னும் கோட்பாட்டை 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் சட்டமாக்கிக் கொண்டது. அக்கோட்பாடு திருச்சபையின் போதனை அன்று என்று வத்திக்கான் முறையாக மறுத்து அறிவித்தது 2023 மார்ச் 30இல். நடுவே கழிந்த காலம் ஐந்து நூற்றாண்டுகள்.

ஆலயம் யாருக்கு?

மாஷ்பீக்குத் திரும்பி, பழைய இந்தியர் ஆலயம் எனப்படும் வழிபாட்டு இல்லத்தைக் கண்டோம். 1684இல் எழுப்பப்பட்டதாகவும், 1717இல் இன்றுள்ள இடத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகவும் மரபு. வெண்மையோ கோபுரமோ இல்லாத சாம்பல்நிற மரக்கட்டடம். சுற்றிலும் கல்லறைகள். உள்ளே மேல்மாடியின் மரப்பலகைகளில் யாரோ கத்திமுனையால் கப்பல்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கின்றனர். இவ்வூர் ஆடவர் பலர் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் சென்றவர்கள். நீண்ட மறையுரையின்போது கடலை நினைத்த கைகளாய் இருக்கலாம்.

இந்த ஆலயம் ஓர் உரிமைப் போராட்டத்தின் களமும் ஆகும். மாஷ்பீ மக்கள்மேல் வெள்ளையரான மேற்பார்வையாளரை 1746இல் மாநில அரசு நியமித்தது. 1760இல் ரூபன் காக்னெஹியூ என்னும் மாஷ்பீ ஆசிரியர் கடல் கடந்து இலண்டன் சென்று மன்னரிடமே முறையிட்டார். அதன் பயனாக 1763இல் ஓரளவு தன்னாட்சி கிடைத்தது. விடுதலை பெற்ற அமெரிக்கா 1788இல் அதைப் பறித்துக்கொண்டது! மன்னர் தந்ததை மக்களாட்சி பறித்த விந்தை அது.

1833இல் வில்லியம் ஏப்பஸ் என்ற மெத்தடிஸ்டு போதகர் மாஷ்பீக்கு வந்தார். பீக்குவாட் என்னும் மற்றொரு பழங்குடியைச் சேர்ந்தவர். பழங்குடியினருக்குப் போதிக்க இந்த ஆலயத்துள் நுழைந்தவர், அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையராய் இருக்கக் கண்டு திகைத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலிருந்த அறநிதியிலிருந்து ஊதியம் பெற்ற போதகர் ஃபினியாஸ் ஃபிஷ், மாஷ்பீ மக்களுக்கென்று அளிக்கப்பட்ட பணத்தில், மாஷ்பீ மக்களின் ஆலயத்தில், சுற்றுப்புற வெள்ளையருக்கு வழிபாடு நடத்திக்கொண்டிருந்தார். மாஷ்பீயர் அவரிடம் செல்வதை நிறுத்தி, ஜோசப் ஏமஸ் என்னும் பார்வையற்ற தம்மவரான பாப்டிஸ்டு போதகரை நாடினர்.

அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து எங்கள் காட்டில் எங்கள் இசைவின்றி எவரும் விறகு எடுக்கக்கூடாது என்று அவர்கள் தீர்மானித்தனர். அன்று விறகு ஏற்ற வந்த வண்டியிலிருந்து விறகை இறக்கி வைத்தனர், ஒருவரையும் அடிக்கவில்லை. இதற்காக, அமெரிக்க விடுதலை நாளாகிய ஜூலை 4ஆம் நாளில் ஏப்பஸ் கைது செய்யப்பட்டார். முப்பது நாள் சிறைவாசம் விதிக்கப்பட்டது. எனினும் 1834இல் மாஷ்பீக்குத் தன்னாட்சி திரும்பியது. ஃபிஷ் வெளியேற மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1840இல் மக்களே அவரை ஆலயத்தினின்று வெளியேற்ற வேண்டியதாயிற்று.

நடுவரின் தீர்ப்பு

1869இல் நிலத்தை வெளியாருக்கு விற்பதற்கிருந்த தடை நீக்கப்பட்டது. 1870இல் மாஷ்பீ சாதாரண நகராட்சியாக்கப்பட்டது. அதன்பின் நிலம் மெல்ல மெல்லக் கைநழுவியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வர்களின் கோடை மாளிகைகளும் உல்லாச விடுதிகளும் பெருகியபோது, மீன்பிடிக்கக் கடற்கரைக்குச் செல்லும் வழிகளும் அடைபட்டன. 1976இல் அவர்கள் நிலத்தை மீட்க வழக்குத் தொடுத்தனர்.

'நீங்கள் உண்மையில் ஒரு பழங்குடிதானா?' என்பதே பாஸ்டன் நீதிமன்றம் எழுப்பிய கேள்வி. 1978 ஜனவரியில் நடுவர் குழு விடையளித்தது. 1790இல் இவர்கள் பழங்குடி அல்லர். 1834இலும் 1842இலும் பழங்குடியினரே. 1869, 1870, 1976 ஆகிய ஆண்டுகளில் அல்லர்! ஒரு மக்களினம் இல்லாதிருந்து, தோன்றி, மீண்டும் இல்லாமற்போனதாகச் சட்டம் கூறிற்று. கிறிஸ்தவராயினர், ஆங்கிலம் பேசினர், பிற இனத்தாரோடு மணவுறவு கொண்டனர் என்பனவெல்லாம் அவர்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டன. எதைச் செய்தால் நாகரிகமடைவீர் என்று போதிக்கப்பட்டதோ, அதைச் செய்ததற்காகவே அவர்கள் இல்லாதவராயினர்.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2007இல் நடுவண் அரசு அவர்களைப் பழங்குடியாக ஏற்றது. 2015இல் 321 ஏக்கர் நிலம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 2020 மார்ச்சில், உலகமே பெருந்தொற்றால் முடங்கிய வேளையில், அதைத் திரும்பப் பெற அரசு ஆணையிட்டது. வழக்காடி, 2021 டிசம்பரில் அந்நிலத்தை உறுதிசெய்து கொண்டனர். 2017 மே மாதத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஊசமெக்வினின் கல்லறையிலிருந்து தோண்டப்பட்டுப் பல அருங்காட்சியகங்களில் சிதறிக்கிடந்த எச்சங்களையும் பொருள்களையும் இருபது ஆண்டுகள் தேடிச் சேர்த்து, ரோட் தீவு மாநிலத்தின் வாரன் என்னும் ஊரில் வாம்பனோக் மக்கள் மீண்டும் அடக்கம் செய்தனர். பிறருடைய கல்லறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதும் அருங்காட்சியகமே. தம் பாட்டனின் கூடையைப் பேரர் எடுத்துக் காட்டுவதும் அருங்காட்சியகமே. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோமே!

நூலிலிருந்து எழுந்த மொழி

இனி, இவ்வரலாற்றில் நம்மை மிகவும் நெகிழச் செய்ததைச் சொல்லி நிறைவு செய்வோம்.

ஜான் எலியட் என்னும் போதகர் முழு விவிலியத்தையும் அம்மக்களின் மொழியில் பெயர்த்து 1663இல் அச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் முழு விவிலியம் ஆங்கிலத்தில் அன்று, இம்மொழியில்தான் வெளிவந்தது. எலியட் பெயர் நூலின் முகப்பில் உள்ளது. ஆனால் சொல்லுக்குச் சொல் உதவியவர்கள் அம்மண்ணின் மைந்தர்களே. அச்சுக்கோத்தவர்களுள் ஒருவர் நிப்மக் இனத்தவரான ஜேம்ஸ் பிரிண்டர். தொழிலே அவருக்குப் பெயராயிற்று. போரில் பெரும்பாலான படிகள் அழிந்தமையால் 1685இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்கும் அவரே உழைத்தார்.

எழுத்துக் கற்ற மக்கள் அதை விவிலியம் வாசிக்க மட்டும் பயன்படுத்தவில்லை. உயில்களையும் நில ஆவணங்களையும் முறையீடுகளையும் தம் மொழியில் எழுதினர். 1752இல் மாஷ்பீ மக்கள் பாஸ்டனுக்கு அனுப்பிய முறையீடு அவ்வகையில் ஒன்று: இந்நிலம் எம் முன்னைத் தலைவர்கள் எமக்கும் எம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் விட்டுச்சென்றது என்பதே அதன் சாரம். நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஆகாபிடம் சொன்னதும் இதுவே அன்றோ? விவிலியத்தை அவர்கள் நன்றாகவே வாசித்திருந்தனர்.

பின்னர் அம்மொழி அடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி நாவும் ஓய்ந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் எவரும் பேசவில்லை. 1993இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்டு என்னும் மாஷ்பீப் பெண்மணி, தம் முன்னோர் தம் மொழியில் பேசுவதாகக் கனவுகள் கண்டு, அதை மீட்கும் முயற்சியைத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மொழியியல் கற்று, பேராசிரியர் கென்னத் ஹேலின் துணையோடு, எலியட்டின் விவிலியத்தையும் பழைய முறையீடுகளையும் உறவு மொழிகளையும் ஒப்பிட்டு, இலக்கணத்தையும் அகராதியையும் ஆக்கினார். அவருடைய மகளே, ஒரு நூற்றாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பின், அம்மொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த முதற்குழந்தை. 2016இல் குழந்தைகளுக்கென முழுவதும் அம்மொழியிலேயே நடக்கும் பள்ளியும் தொடங்கப்பட்டது.

ஆக, எந்த நூல் அவர்களைத் தம் பழைய வழியிலிருந்து மாற்ற அச்சிடப்பட்டதோ, அந்த நூலே அவர்கள் சொல்லை முந்நூறு ஆண்டுகள் தன் மடியில் காத்துத் திருப்பிக் கொடுத்தது. இதைச் சொல்லி மறைப்பணியாளரின் குற்றங்களைக் கழுவிவிட முடியாது. கம்பத்திலிருந்த தலையும், விற்கப்பட்ட சிறுவனும் அப்படியே இருக்கின்றனர். எலியட் ஒன்றை எண்ணினார். மாஷ்பீத் தாயொருத்தி வேறொன்றை எடுத்துக்கொண்டாள். இறைவாக்கை வழங்குகிறவன் அதற்கு உரிமையாளன் அல்லன் என்பதே இதில் நாம் கற்கும் பாடம். நாம் கொடுத்த நோக்கத்தோடு அது கட்டுண்டு கிடப்பதில்லை. கொடுத்தவனையே தீர்ப்பிடவும், பெற்றவனுக்குக் குரலாகவும் அதற்கு வல்லமை உண்டு.

அம்மொழியில் நிலத்தை இழப்பதைக் கூறும் சொல், காலடி நிலம் இல்லாமல் விழுவதைக் குறிக்கும் என்று பேர்டு விளக்கியிருக்கிறார். நிலம் அவர்களுக்கு உடைமை அன்று, நிற்பதற்கு ஆதாரம். முந்நூறு ஆண்டுகள் விழச் செய்யப்பட்ட ஒரு மக்கள், இன்று தம் பிள்ளைகளுக்கு அச்சொல்லை எழுத்துக்கூட்டிக் கற்பிக்கின்றனர். விழுதலுக்கு உரிய சொல்லைத் தம் மொழியிலேயே சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதே பொருள்.